ஒண்ணும் கேக்கல, நைனா

பிள்ளைகளே,

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது உங்களில் சின்னது என்னை ஒரு கேள்வி கேட்டது. "ஜெபம் பண்ணும்போது கடவுள் பேசுறார்னு சொல்றாங்களே, அது அவர் குரல்தான்னு எப்படிப்பா தெரியும்?" நான் பதில் சொல்லாமல் இன்னொரு கரண்டி மோர் ஊற்றிக்கொண்டேன். பதில் இல்லாமல் இல்லை. அந்தப் பதிலுக்குள் ஒரு ஆடும், ஒரு காலண்டர் தாளும், உங்கள் அத்தைக்கு நான் செய்த ஒரு துரோகமும் இருக்கின்றன. மோர்ச்சோறு முடிவதற்குள் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை. அதனால் எழுதுகிறேன். நான் படித்தது பத்தாவது வரைக்கும்தான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் நடந்தது இது. கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பக்கத்தில் புதுப்பட்டினத்தில், ஒரு சின்ன ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வாசலில் நின்றால் சவுக்குத் தோப்பு தெரியும். தோப்புக்கு அந்தப் பக்கம் கடல். அப்பா வேலையாட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸுக்கு டிரைவர். அவரை நானும் அக்காவும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எனக்குப் பத்து வயது. அக்கா எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு வீட்டில் இருந்தாள். இந்த அக்காதான் உங்கள் அத்தை.

அந்த வருஷம் எங்கள் சபைக்கு வெளியூர் போதகர் ஒருவர் வந்து மூன்று நாள் கூட்டம் நடத்தினார். நாம் கடவுளிடம் பேசிக்கொண்டே இருப்பது பாதி ஜெபம்தான், வாயை மூடிக்கொண்டு அவர் பேசுவதைக் கேட்பது மீதிப் பாதி என்றார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அப்பா அதை பஸ் டைம் மாதிரி எடுத்துக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்குப் பாயை விரித்து எங்கள் எல்லாரையும் உட்கார வைத்தார். பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம் எல்லாம் முடிந்ததும் பச்சை நிற டைம்பீஸை நடுவில் வைத்தார்.

"அஞ்சு நிமிசம். மூச்சு காட்டக் கூடாது. கர்த்தர் இன்னா சொல்றாருன்னு கேளுங்க. அப்பால ஒவ்வொருத்தரா சொல்லணும்."

நான் கண்ணை மூடினேன். டைம்பீஸ் டக் டக் என்றது. கடல் இரைந்தது. அப்பாவின் காக்கிச் சட்டையிலிருந்து டீசல் வாடை வந்தது. முழங்காலில் ஒரு கொசு உட்கார்ந்தது, அடிக்கப் பயமாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"இன்னாம்மா கேட்டுது?" என்று அக்காவிடம் ஆரம்பித்தார் அப்பா.

"ஒண்ணும் கேக்கல, நைனா."

அப்பாவின் முகம் சுருங்கியது. அடுத்தது நான். அந்த முகத்தை மறுபடி பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"மகனே, உன்னை நான் நினைத்தருளினேன்னு கேட்டுது" என்றேன்.

அப்பா என் தலையில் கை வைத்தார். அந்தக் கையின் கனம் இன்றைக்கும் என் உச்சியில் இருக்கிறது. அன்றிலிருந்து தினமும் ஒன்று தயார் பண்ண ஆரம்பித்தேன். வேதப்புத்தகத்தில் வருகிற மாதிரி நாலு வார்த்தை, முன்னால் ஒரு 'மகனே'. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போதே யோசித்து வைத்துக்கொள்வேன். அக்கா மட்டும் தினமும் அதையேதான் சொன்னாள். "ஒண்ணும் கேக்கல, நைனா." ஒரு நாள் அப்பா பொறுமை இழந்துவிட்டார்.

"சின்னப் பையனுக்குக் கேக்குது. உனக்கு மாத்திரம் ஏம்மா கேக்கல? மனசுல இன்னா அடைச்சிகினு கீது?"

அக்கா பாயைச் சுருட்டினாள். பொய் சொன்னவனுக்குத் தலையில் கை, நிஜம் சொன்னவளுக்குத் திட்டு. அப்பா கெட்டவர் இல்லை, பிள்ளைகளே. அவருக்குப் பதில் வேண்டியிருந்தது. பதில் கொடுத்தவனை அவர் நம்பினார், அவ்வளவுதான்.

ஆனால் பொய் சொல்கிறவனுக்கு ஒரு வியாதி வரும். மற்றவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று தோன்ற ஆரம்பிக்கும். எனக்கும் வந்தது. சபையில் யாராவது "கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்று சாட்சி சொல்ல எழுந்தால், அவர்கள் வாயையே உற்றுப் பார்ப்பேன். இவரும் வரும் வழியில் யோசித்து வைத்ததுதானோ? அதுவும் கடவுள் எல்லாரிடமும் ஏன் அச்சுத் தமிழிலேயே பேசுகிறார்? 'இன்னாடா' என்று ஒரு தடவையாவது கேட்க மாட்டாரா?

என் சந்தேகம் முழுவதும் ஒருவர் மேல் போய் உட்கார்ந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் செங்கல்பட்டிலிருந்து ஒரு அம்மா வருவார். திருக்கழுக்குன்றத்தில் பஸ் மாறி வர வேண்டும். வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை, பக்கத்தில் உட்கார்ந்தால் தைல வாசனை. புருஷன் இல்லாதவர். வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணுவார், ஆறு மணி பஸ்ஸில் திரும்புவார். நாங்கள் அவரை ஜெபம்மா என்போம். ஜெபம் முடிந்ததும் கண்ணைத் திறக்காமல், "கர்த்தர் சொல்றாரு" என்று ஆரம்பிப்பார். அதற்குள் எங்கள் அம்மா அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டிருப்பாள்.

இவரைச் சோதிப்பது என்று முடிவு பண்ணினேன்.

ரோட்டோரத்தில் மளிகைக்கடை வைத்திருந்த பாய் ஒரு ஆடு வளர்த்தார். பேர் ராணி. சைக்கிள் மோதி அதற்குப் பின்னங்கால் நொண்டி. ஒரு செவ்வாய்க்கிழமை நான் ஜெபம்மா முன்னால் முழங்கால் போட்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொன்னேன்.

"ஜெபம்மா, ராணிக்குக் கால்ல அடி. நடக்க முடியல. ஜெபம் பண்ணுங்க."

அவர் ராணி யார் என்று கேட்கவில்லை. என் தலையில் கை வைத்துக் கண்ணை மூடினார். ரொம்ப நேரம் முணுமுணுத்தார். பிறகு, "கர்த்தர் சொல்றாரு: என் மகள் ராணியின் கண்ணீரைக் கண்டேன், அவள் நடப்பாள்" என்றார்.

நான் வெளியே ஓடிவந்து, சவுக்குத் தோப்பில் மணலில் புரண்டு சிரித்தேன். பாய் கடை வாசலில் ராணி வாழைப்பழத்தோல் தின்றுகொண்டிருந்தது. "மகளே ராணி!" என்று கூப்பிட்டேன். பாய் தராசைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா, என் ஆட்டுக்கு ஞானஸ்நானம் குடுக்கப் போறியா? தொலச்சிடுவேன்!"

அந்த விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

வேண்டிய நேரம் வந்தது. அக்காவுக்குத் தெற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, வருகிறதானால் இந்தத் தேதிக்குள் பதில் போட வேண்டும் என்று. செங்கல்பட்டில் ரயில் ஏறினால் ஒரு ராத்திரியும் அரைப் பகலும் பிரயாணம். அக்கா அந்தக் கடிதத்தைப் படித்தபோது அவள் காதுமடல் சிவந்துபோனது. அவள் வாய்விட்டு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் காது மட்டும் சொல்லிவிட்டது.

அப்பாவுக்கு இஷ்டமில்லை. "பொட்டப் பொண்ணு, அவ்ளோ தூரம், ஆஸ்பத்திரி வேல..." என்று இழுத்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள். எனக்கும் இஷ்டமில்லை, பிள்ளைகளே. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. என் கணக்கு நோட்டில் பாதி அக்கா போட்ட கணக்கு. பள்ளிக்கூடம் போகிற வழியில் இரண்டு நாய்கள் இருந்தன, அவள் கூட வந்தால்தான் கடப்பேன். நர்ஸ் வேலை, அவள் வாழ்க்கை, இதெல்லாம் எனக்கு நாய்க்கு அப்புறம்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அப்பா ஜெபம்மாவிடம் கடிதத்தைக் காட்டினார். அவர் எப்போதும்போல அப்பாவுக்குப் பிடித்ததைத்தான் சொல்லப்போகிறார் என்று நான் நிம்மதியாக இருந்தேன். அவர் ஜெபம் பண்ணினார். அன்றைக்கு 'கர்த்தர் சொல்றாரு' என்று ஆரம்பிக்கவில்லை. கண்ணைத் திறந்து, நேராக அப்பாவைப் பார்த்தார்.

"அனுப்பிடு, தம்பி."

"கர்த்தர் சொன்னாராம்மா?"

"அனுப்பிடு. எனக்கு வேற ஒண்ணும் வரல. நீ கோச்சிக்கினாலும் பரவால்ல."

அன்று அவர் தோசை சாப்பிடாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அனுப்பிவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்தது. வைத்திருந்ததை எடுத்தேன்.

"நைனா, ஜெபம்மா சொல்றதெல்லாம் டூப்பு. பாய் கடை ஆட்டுக்குக் கால் நொண்டின்னு ஜெபம் பண்ணச் சொன்னேன். 'என் மகள் ராணி'ன்னாங்க."

அக்கா குபீரென்று சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது. நான் எதற்காக அதை அப்போது சொன்னேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஆடாடா?" என்றார் அப்பா. "ஆட்டுக்கா அந்தம்மா சொல்லிச்சி?" அவர் முகத்தில் கோபம் இல்லை. பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இன்று நினைத்தால் அந்த முகம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

மறுநாள் புதன்கிழமை. ஐந்து நிமிஷம் முடிந்ததும் அப்பா, "மனுசங்க வாய நம்ப வேணாம். சீட்டுப் போட்டுக் கேப்போம். வேதத்துல அப்போஸ்தலரே போட்டிருக்காங்க" என்றார். எங்கள் சொந்தக்காரர்கள் வீடுகளில் இது பழக்கம்தான். பெண் பார்க்க, வீடு மாற, பேர் வைக்க, எதுவானாலும் இரண்டு சீட்டு எழுதி ஜெபம் பண்ணி, வீட்டிலேயே சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். பிள்ளையின் கைக்கு ஒன்றும் தெரியாது, அதனால் அது கர்த்தரின் கை என்று நம்பிக்கை.

"காலண்டர்ல இன்னைக்குத் தாளக் கிழிச்சிகினு வாடா" என்றார் அப்பா.

பாய் கடையில் வருஷத்துக்கு ஒன்று கொடுக்கும் தினசரிக் காலண்டர். அவசரத்தில் இழுத்தேன். தாளோடு மேலே காய்ந்திருந்த பசையும் ஒரு துண்டு பிய்ந்து வந்துவிட்டது. அப்பா தாளை மடித்துப் பிளேடால் இரண்டாக அறுத்தார். பசை இருந்த மேல்பாதியில் 'அனுப்பாதே' என்று எழுதினார். கீழ்ப்பாதியில் 'அனுப்பு'. நான்தான் பக்கத்தில் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் சுருட்டி அம்மாவின் எவர்சில்வர் சொம்பில் போட்டுக் குலுக்கினார். எல்லாரும் கண்ணை மூடினோம். அப்பா ஜெபம் பண்ணினார். அவர் நிஜமாகத்தான் கேட்டார். அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

"எட்றா."

சொம்புக்குள் கை விட்டேன். ஒரு சுருள் மெத்தென்று இருந்தது. இன்னொன்றின் ஓரத்தில் அரிசிமணி மாதிரி என்னவோ உறுத்தியது. விரலுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாய்கள் ஞாபகம் வந்தன. அரிசிமணியை எடுத்தேன்.

அப்பா பிரித்துப் படித்தார். "அனுப்பாதே." பிறகு, "ஸ்தோத்திரம்" என்றார்.

அக்கா "சரி, நைனா" என்றாள். கடிதத்தை நாலாக மடித்து ரவிக்கைத்துணி வைக்கும் பெட்டியின் அடியில் வைத்தாள். எனக்குச் சோறு போட்டாள். கணக்குப் போட்டுக் கொடுத்தாள். அழாமல் இருக்கிறாளே, உள்ளுக்குள் ஏதோ திட்டம் வைத்திருக்கிறாள் என்று அவளையும் சந்தேகப்பட்டேன். என் புத்தி அப்படி ஆகியிருந்தது.

வியாழக்கிழமை ஏழு மணி. டைம்பீஸ். வழக்கம்போல ஒரு 'மகனே' தயாராக வைத்திருந்தேன். கண்ணை மூடின கொஞ்ச நேரத்தில் அது மறந்துபோய்விட்டது. வேறு ஒன்று வந்தது. சத்தமாக இல்லை. கடலை மீறிக் கேட்கவும் இல்லை. ஆனால் தெளிவாக இருந்தது.

பசை உன் வெரலுக்குத் தெரியும்டா.

அவ்வளவுதான். முன்னால் 'மகனே' இல்லை. 'அருளினேன்' இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொல்கிற மாதிரி, எங்கள் வீட்டுப் பேச்சில். உடனே சந்தேகப்பட்டேன். இது என் மனசுதான், நானே சொல்லிக்கொள்வதுதான். ஆனால் நானே சொல்லிக்கொண்டதெல்லாம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியுமே. மூன்று மாதமாக தினம் ஒன்று செய்தவன். நான் செய்தது எல்லாம் எனக்குத் தலையில் கை வாங்கிக் கொடுத்தது. இது கொடுக்காது. இதை நான் ஏன் செய்யப்போகிறேன்?

"இன்னாடா கேட்டுது?" என்றார் அப்பா.

"ஒண்ணும் கேக்கல, நைனா" என்றேன்.

அக்கா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தினமும் நிஜமாகச் சொன்ன வார்த்தையை நான் முதல்தடவையாகப் பொய்யாகச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை. பதில் போட அதுதான் கடைசி நாள். அப்பா, இடம் வேண்டாம் என்று ஒரு தபால் கார்டு எழுதி என்னிடம் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். தபால் பெட்டி பாய் கடைக்குப் பக்கத்தில். நான் கார்டோடு அதன் முன்னால் நின்றேன். ராணி வந்து கார்டை முகர்ந்து பார்த்தது. தின்றுவிட்டால் நல்லது, ஆடு தின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று கார்டை அதன் வாய்க்குக் கிட்டே நீட்டினேன். நாக்கு மூலையில் பட்டதும் மறுபடி அதே குரல். எடுத்தது உன் வெரலுடா, ராணி வாயி இல்ல.

ஓடினேன். ரோட்டில் அப்பாவின் பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் பக்கம் போய்க் கதவைத் தட்டினேன்.

"நைனா, சீட்டுல பசை இருந்துச்சி!"

"இன்னாடா?"

"எனக்குத் தெரிஞ்சிதான் எடுத்தேன். பசை இருந்ததுதான் 'அனுப்பாதே'. கர்த்தர் எடுக்கல. நான்தான் எடுத்தேன்."

பின்னாலிருந்து யாரோ, "இன்னா டிரைவரே, சங்கு ஊதிடுவான், எடு வண்டிய!" என்று கத்தினார்கள். அப்பா எஞ்சினை நிறுத்தினார். ஒரு நிமிஷம் இருக்கும். அந்த பஸ் அப்படி நின்றதை அதற்கு முன் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பிறகு கையை நீட்டிக் கார்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

அன்று பகல் முழுவதும் நான் தோப்பில் உட்கார்ந்திருந்தேன். சவுக்கு ஊசிகள் ஆடைக்குள் குத்தின. கார்டு போய்விட்டதா, அப்பா வழியில் வேறு பெட்டியில் போட்டுவிட்டாரா, தெரியாது.

சாயங்காலம் ஏழு மணிக்கு அப்பா பாயை விரித்தார். பாட்டு இல்லை. டைம்பீஸை வைத்தார். ஐந்து நிமிஷம் போயிற்று. என் பக்கம் திரும்பவே இல்லை.

"நீ சொல்லும்மா" என்றார் அக்காவிடம். "உனக்கு இன்னா கேட்டுது?"

"ஒண்ணும் கேக்கல, நைனா."

"எப்பவும் போலதானா?"

அக்கா டைம்பீஸைப் பார்த்தாள். "போவணும்னு மாத்திரம் இருந்துகினே கீது. ஆறு மாசமா. அது கர்த்தர் சொல்றதா, என் ஆசையா, எனக்குத் தெரியல. தெரியாதத தெரியும்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீங்களும் அத ஒருநாளும் கேக்கல."

அப்பா டைம்பீஸை எடுத்துக் குப்புற வைத்தார்.

"எனக்கும் ஒண்ணும் கேக்கல" என்றார். "ஒரு நாளும் கேட்டதில்ல. பசங்களுக்காச்சும் கேக்குதான்னு பாத்தேன்."

நாங்கள் மூன்று பேரும் அவரையே பார்த்தோம். அம்மாதான் முதலில் பேசினாள். "எனக்குத் தெனம் கொழம்பு அடிப்புடிக்கிற வாசனைதான் வந்துச்சி. யாரு என்னக் கேட்டீங்க?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "காலைல மொத வேலையா ஒரு தந்தி குடுத்துட்டு வாங்க. இவ வர்றான்னு" என்றாள்.

அப்பா சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்தார். அதன் ஒரு மூலையில் ஆட்டு எச்சில் காய்ந்திருந்தது. அதைக் கிழிக்காமல் அக்காவின் கையில் கொடுத்தார்.

தந்தி ஒரு நாள் பிந்தித்தான் போனது. அவர்கள் இடத்தை வைத்திருந்தார்கள். அக்கா நர்ஸ் ஆனதும், எத்தனையோ பிரசவம் பார்த்ததும் உங்களுக்குத் தெரியும். உங்களில் இரண்டு பேரை முதலில் தூக்கியதே அவள்தான். ஒரு நாள் பிந்தியதற்குப் பதில் ஒரு வாரம் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்னும் கணக்குப் போடுகிறேன். அந்தக் கணக்கை எனக்குப் போட்டுக் கொடுக்க ஆள் இல்லை.

அவளை ஏற்றிவிடச் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் போனோம். ஏரிக்காற்று வீசியது. ஜெபம்மா குடையோடு வந்து நின்றிருந்தார். அப்பா அவர் முன்னால் தலை குனிந்தார். என்னால் ஜெபம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு பஸ் மாறி வந்து, தனக்காக அடுப்பு மூட்டிய வீட்டில் 'ஒன்றும் கேட்கவில்லை' என்று சொல்ல அவருக்கு வாய் வந்திருக்காது. எனக்கு வராத மாதிரிதான். ஆனால் அக்கா விஷயத்தில் அவர் எங்கள் முகத்தில் எழுதியிராததைச் சொல்லிவிட்டுத் தோசையை விட்டுவிட்டுப் போனார். நான் சோதித்தது சரி. சோதனை முடிந்ததும் கேட்பதை நிறுத்தினேனே, அதுதான் தப்பு.

ரயில் நகர்ந்த பிறகு அவர் என் தோளில் கை வைத்தார்.

"டேய், ராணிக்குக் கால் எப்படி கீது?"

அப்பா அவரிடம் சொல்லிவிட்டாரா, இல்லையா? கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா? அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

"நடக்குது ஜெபம்மா" என்றேன். அது உண்மை. நொண்டல் போய்விட்டது.

"நான் தெனம் அவளுக்கு ஜெபம் பண்றேன்" என்றார் அவர்.

அந்தக் குரல் எனக்கு அதற்கப்புறம் நாலைந்து தடவைதான் வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் செய்யப் பிடிக்காத ஒன்றைத்தான் சொன்னது. ஒவ்வொரு தடவையும் சந்தேகப்பட்டுவிட்டுத்தான் எழுந்து போனேன். சின்னவளே, உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இன்று காலையும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தேன்.

ஒண்ணும் கேக்கல.